நாற்பது மைல்

வீரசிங்கம் அண்ணனின் மேசையும் என் மேசையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. 1972இல் கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் நான் சேர்ந்த நாளிலிருந்து, 1997இல் அவர் வேலையை விட்ட நாள் வரை அப்படித்தான். பாலங்களுக்கும் சாலை வளைவுகளுக்கும் படம் வரைவது எங்கள் வேலை. அவர் வரைந்த வளைவை மேலதிகாரி திருத்தச் சொல்லி நான் பார்த்ததில்லை. பென்சிலைச் சீவி, மூன்று தடவை அளந்து, ஒரே கோட்டில் முடித்துவிடுவார். பேச்சில் மட்டும் கொஞ்சம் கஞ்சத்தனம்.

அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த பிள்ளைகள் நான்கு பேரும் அரசாங்க வேலைக்குத்தான் போனார்கள். மோட்டார் சைக்கிள் என்பது தபால்காரனும் போலீஸ்காரனும் ஓட்டுவது என்று அந்த வீட்டில் நினைத்தார்கள். அந்த வீட்டுக்குள் 1970இல் வீரசிங்கம் ஒரு நார்ட்டனைக் கொண்டுவந்து நிறுத்தினார். 58ஆம் ஆண்டு செய்த நார்ட்டன் டோமினேட்டர். ரவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. தகப்பனார் ஒரு வாரம் அவரோடு பேசவில்லையாம். அம்மாதான் சமாதானம் செய்திருக்கிறார்.

அந்த வண்டியில் ஒரு விசேஷம் உண்டு. ஜப்பான் வண்டிகளில் வலது கால் பிரேக்கில் இருக்கும், இடது கால் கியர் மாற்றும். பழைய இங்கிலீஷ் வண்டிகளில் இது தலைகீழ். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வாங்கிய முதல் மாதத்தில் ஸ்காட் ரோடு வளைவில் ஒரு நாய் குறுக்கே ஓட, வீரசிங்கம் கூட்டாளிகளின் ஜப்பான் வண்டிகளில் ஓட்டிப் பழகிய பழக்கத்தில் வலது காலை மிதித்தார். பிரேக் விழுவதற்குப் பதிலாகக் கியர் மாறியது. நாய் தப்பித்தது. இவர் வண்டியோடு சாக்கடைக்குள் போனார்.

அன்றிலிருந்து அந்த வண்டியில் யார் ஏறி உட்கார்ந்தாலும் ஒரு பாடம் நடத்தாமல் விடமாட்டார். நானும் கேட்டிருக்கிறேன்.

"தம்பி ராதாகிருஷ்ணன், பிரேக்கு இடது காலு. கியரு வலது காலு. இது தலைக்குத் தெரிஞ்சா போதாது, காலுக்குத் தெரியணும். அவசரம்னு வந்தா கால் பழசைத்தான் செய்யும். முதல்ல பாடாங்கைச் சுத்தி ரெண்டு ரவுண்டு போயிட்டு வா. பிறகு பாக்கலாம்."

நான் அந்த விளையாட்டுத் திடலை இரண்டு ரவுண்டு சுற்றிவிட்டு வந்தேன். பிறகு அவர் பார்க்கவே இல்லை. ரோட்டுக்கு விடவும் இல்லை.

வாரம் முழுதும் வாய் திறக்காத மனிதர் ஞாயிற்றுக்கிழமை பத்து தீகா பந்தயத் தடத்தில் வேறு ஆளாகிவிடுவார். அந்தக் காலத்தில் அங்கே கிளப் பந்தயங்கள் நடக்கும். பெரிய பந்தயக்காரர்களுக்கு நடுவில் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களும் கலந்துகொள்ளலாம். காலையில் தங்கள் சொந்த வண்டியையே ஓட்டிக்கொண்டு போய், விளக்குகளுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டி, எண் பலகையைக் கட்டி ஓட்டுவார்கள். சாயங்காலம் பிளாஸ்திரியைப் பிய்த்துவிட்டு அதே வண்டியில் வீட்டுக்குத் திரும்புவார்கள். மறுநாள் அதிலேயே வேலைக்கும் வருவார்கள்.

நாச்சியப்பன் அங்கேதான் அவருக்குக் கூட்டாளியானார். கிள்ளானில் பெரிய இரும்புக் கடை வைத்திருந்த செட்டியார் வீட்டு மூத்த மகன். வாய் நிறையப் பேச்சு, சிரிப்பு. பிரிக்பீல்ட்ஸில் அய்யாவு என்ற மெக்கானிக்கின் பட்டறையில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்கள். சில நாள் எங்கள் அலுவலக வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, "டேய் சிங்கம், இன்னும் எத்தனை கோடுடா போடுவ? வாடா!" என்று மேல் மாடிக்குக் கேட்கும்படி கத்துவார். வீரசிங்கத்தை 'டேய்' போட்டு அழைத்த ஒரே மனிதர் அவர்தான் என்று நினைக்கிறேன். வீரசிங்கத்துக்கு அது பிடித்திருந்தது. வாசலிலிருந்து குரல் கேட்டதும் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்.

இனி நான் சொல்லப்போவதை அவரும் அவர் மனைவியும் என்னிடம் சொன்னது பதினெட்டு வருஷம் கழித்து. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், நாச்சியப்பனுக்கு விபத்து, கால் போய்விட்டது என்பது மட்டும்தான்.

1974 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீரசிங்கத்துக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். மனைவி இராசேஸ்வரியை முதல் தடவையாகப் பந்தயம் பார்க்கக் கூட்டிப் போயிருந்தார். நாச்சியப்பனிடம் புது யமஹா 350 வந்திருந்தது. எட்டுச் சுற்றுப் பந்தயம். ஐந்தாவது சுற்று வரை நார்ட்டன்தான் முன்னால் ஓடியது. வளைவுகளில் வீரசிங்கத்தை எட்டிப் பிடிக்க அன்றைக்கு ஆள் இல்லை. ஆறாவது சுற்றில், நேர்பாதையில், நீலப் புகையை விட்டுக்கொண்டு யமஹா அவரைக் கடந்தது. கடக்கும்போது நாச்சியப்பன் இடது கையை எடுத்து டாட்டா காட்டினார். அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை.

பந்தயம் முடிந்து வெளியே ரோட்டோரக் கடையில் மூவரும் ஐஸ் கச்சாங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து கிள்ளானுக்குப் போய் நாச்சியப்பன் வீட்டில் சாப்பிடுவதாக ஏற்பாடு.

"பாத்தீங்களா இராசேஸ்வரி?" என்றார் நாச்சியப்பன். "வெள்ளைக்காரன் வேணாம்னு விட்டுட்டுப் போனதை உங்க ஆளு இன்னும் கட்டிக்கிட்டு அழுவுறான். நேர் ரோட்ல நான் ஒண்ணுமே செய்யல. சும்மா உக்காந்திருந்தேன். வண்டியே முந்திருச்சு."

இராசேஸ்வரி சிரித்தார்.

"வளைவுல எங்க இருந்த நீ?" என்று கேட்டார் வீரசிங்கம்.

"வளைவுல உன் பின்னாடிதான்லா இருந்தேன். உன் வண்டி ஒழுகவிட்ட எண்ணெயில வழுக்காம வர வேணாமா?"

இராசேஸ்வரி இன்னும் பலமாகச் சிரித்தார். நாச்சியப்பன் சொன்ன விதத்துக்குத்தான் சிரித்ததாகப் பிறகு என்னிடம் சொன்னார். இருபத்திரண்டு வயதுப் பெண், சிரிப்பு வந்தது, சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு வீரசிங்கத்துக்கு உள்ளே எங்கேயோ போய்க் குத்திவிட்டது.

"கிள்ளான் வரைக்கும் மாத்தி ஓட்டுவோம்டா" என்றார் நாச்சியப்பன். "நீ என் வண்டியில வா. புது வண்டின்னா என்னன்னு அப்பத்தான் உனக்குப் புரியும். நான் உன் கிழவியை ஓட்டிட்டு வரேன்."

"எடுத்துக்கிட்டுப் போ" என்றார் வீரசிங்கம்.

அவ்வளவுதான் சொன்னார். யாருக்கும் சொல்லாமல் விடாத அந்தப் பாடத்தை அன்றைக்குச் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. ஏறி உட்கார்ந்து தடுமாறட்டும், கடைக்காரர் முன்னால் வண்டி நின்றுபோகட்டும், இராசேஸ்வரி இப்போது அவனைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று நினைத்தார்.

அவர் நினைத்தபடியே நடந்தது. முதல் தடவை நார்ட்டன் ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. "ஏய், எல்லாம் தலைகீழா இருக்குடா!" என்று நாச்சியப்பன் கத்தினார். தன்னைப் பார்த்துத் தானே சிரித்தார். மறுபடி உதைத்து, சரியாகக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வீரசிங்கம் இராசேஸ்வரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு யமஹாவில் தொடர்ந்தார்.

ஆறு மைல் எந்தக் குறையும் இல்லாமல் போனார்கள். கிள்ளானுக்கு இரண்டு மைல் இருக்கும்போது, இடது பக்கச் சந்திலிருந்து எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று நிற்காமல் பெரிய ரோட்டுக்குள் திரும்பியது. முன்னால் போன நார்ட்டனின் வேகம் குறைவதற்குப் பதிலாக அதன் இன்ஜின் சத்தம் சட்டென்று தாழ்ந்ததை வீரசிங்கம் கேட்டார். வேறு யார் கேட்டிருந்தாலும் ஒன்றும் விளங்கியிருக்காது. அது மேல் கியருக்கு மாறும் சத்தம். நாச்சியப்பன் வலது காலை மிதித்துவிட்டார் என்று அவருக்கு அந்தக் கணமே தெரிந்தது. கைப்பிரேக் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பழைய வண்டியை நிறுத்த முடியாது. வண்டி லோரியின் பின் சக்கரத்தில் போய் மோதியது. நாச்சியப்பனின் வலது கால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

கிள்ளான் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு அவருடைய தகப்பனார் ஓடி வந்தார். கடையிலிருந்து போட்டது போட்டபடி வந்திருந்தார், கையில் இன்னும் துரு ஒட்டியிருந்தது. வீரசிங்கத்தின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க பின்னாடிதானே வந்தீக? என்னப்பா நடந்துச்சு?"

"வேகமா போனான் ஐயா" என்றார் வீரசிங்கம். "நான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன்."

சற்று நேரத்தில் வந்த போலீஸ்காரரிடமும் அதையே சொன்னார். அவரும் எழுதிக்கொண்டு போனார்.

யமஹாவை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது இராசேஸ்வரி கேட்டார்: "வேகமாவா போனாரு?"

"வேற என்னத்தச் சொல்றது அந்தப் பெரியவர்கிட்ட?"

இராசேஸ்வரி பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து வீரசிங்கம் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டு வாசலிலிருந்தே பார்த்தார். போர்வை ஒரு பக்கம் கால் வரைக்கும் மேடாக இருந்தது. மறுபக்கம் முழங்காலுக்குக் கீழே படிந்து கிடந்தது. நாச்சியப்பன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். வீரசிங்கம் உள்ளே போகவில்லை. வாங்கிக்கொண்டு போன ஆரஞ்சுப் பழங்களை ஒரு நர்ஸிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

அதன் பிறகு கிள்ளான் பக்கமே அவர் போகவில்லை. அய்யாவுதான் மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணே, உங்களை வரச் சொன்னாரு" என்பார். "போறேன்" என்பார் இவர். இரண்டு மூன்று வருஷத்துக்குப் பிறகு அய்யாவு சொல்வதை நிறுத்திவிட்டார். வரச் சொல்வதை நாச்சியப்பன் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆச்சரியம் என்னவென்றால், வீரசிங்கம் வண்டி ஓட்டுவதை விடவில்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க்கை நிமிர்த்தி அய்யாவு நார்ட்டனைச் சரிசெய்து கொடுத்தார். அடுத்த வருஷமே அவர் பத்து தீகாவில் இறங்கினார். 76இல் ஒரு பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். ஆங்கிலப் பத்திரிகையில் கட்டைவிரல் அளவுக்குப் படம் வந்தது, அலுவலகத்தில் எல்லாரும் கைகொடுத்தோம். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. அடக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். "நிறுத்தினா ஏன் நிறுத்திட்டன்னு கேப்பாங்க தம்பி. அதனாலதான் ஓட்டினேன்" என்று பிறகு சொன்னார். மகள் பிறந்த சமயத்தில் அதையே காரணமாக வைத்து நிறுத்திவிட்டார். அப்போது யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வண்டியை விற்கவும் இல்லை. ஞாயிறு காலையில் தார்ப்பாயை விலக்கி, உதைத்துக் கிளப்பி, சுங்கை பூலோ வரை போய்த் திரும்புவார். எப்போதும் வடக்கேதான். பந்தயத்தை விட்ட பிறகு மேற்கே போகும் ரோட்டில் அந்த வண்டி பல வருஷம் ஏறவே இல்லை. கிள்ளானில் ஏதாவது பாலம், வடிகால் என்று அலுவலக வேலை வந்தால் அளவெடுக்க என்னை அனுப்பிவிடுவார். வயதில் மூத்தவர், அலைய வேண்டாம் என்று நினைக்கிறார் என்று எண்ணி நானும் போய் வந்தேன்.

நாச்சியப்பனின் காலம் எப்படிப் போனது என்பதைப் பட்டறையில் காதில் விழுந்த துண்டுகளை வைத்துத்தான் நாங்கள் அறிந்தோம். பேசி வைத்திருந்த பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள். ஐந்து வருஷம் கழித்து உமையாள் என்ற பெண்ணோடு கல்யாணம் ஆனது. செயற்கைக் கால் பொருத்திக்கொண்டார். கால் பிரேக்கைக் கையில் பிடிப்பது மாதிரி அய்யாவு ஒரு வெஸ்பாவை மாற்றிக் கொடுக்க, தினமும் அதில்தான் கடைக்குப் போய்வந்தார். ஆனால் கடை அவர் கைக்கு வரவில்லை. தகப்பனார் அதைத் தம்பி மாணிக்கத்திடம் ஒப்படைத்தார். "வேகத்துல காலைத் தொலைச்சவன். அவன்கிட்ட எதைக் குடுத்தாலும் தொலைச்சுப்புடுவான்" என்று வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொல்வாராம். மூத்தவர் ஆணி, கீல் விற்கும் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். இதை அய்யாவு சொன்னபோது வீரசிங்கமும் அங்கேதான் இருந்தார். ஒரு ஸ்பேனரைத் துணியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

1992 அக்டோபரில் ஒரு காலை, தமிழ்ப் பத்திரிகையில் அந்தத் தகப்பனாரின் மரண அறிவிப்பு படத்தோடு வந்திருந்தது. வீரசிங்கம் அன்றைக்கு ஒரு கோடும் போடவில்லை. மத்தியானம் என்னைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போய், சோற்றைத் தொடாமல், பிரேக் கதையை முழுவதும் சொன்னார்.

"நாய்க்காக நான் விழுந்தப்ப கத்துக்கிட்டதை, அவன்கிட்டச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா தம்பி? ஒருத்தி சிரிச்சான்னு ஒருத்தன் காலை வாங்கிட்டேன்."

"போய்ச் சொல்லிடுங்கண்ணே" என்றேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் போகட்டும் என்று காத்திருந்து, ஒரு சனிக்கிழமை காலையில் என் காரில் புறப்பட்டோம். இராசேஸ்வரி அக்காவும் வந்தார். பத்து தீகாவைக் கடக்கும்போது இருவரும் வெவ்வேறு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிள்ளானில் கடைக்குப் பின்னால் வீடு. வாசலில் வெஸ்பா நின்றது. நாச்சியப்பனுக்குத் தலை முழுவதும் நரைத்திருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"வாங்க வீரசிங்கம். வாங்க, உக்காருங்க."

எங்கள் அலுவலக வாசலில் நின்று கத்திய மனிதர் இவர்தானா என்று எனக்குத் தோன்றியது. உமையாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். துக்கம் விசாரித்தோம். பிறகு வீரசிங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நாச்சி, அன்னைக்கு நான் உன்கிட்ட பிரேக்கைப் பத்திச் சொல்லல. எல்லாருக்கும் சொல்லுவேன். உனக்கு வேணும்னேதான் சொல்லல."

நாச்சியப்பன் அவரை நன்றாகப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்துவிட்டார்.

"இதுக்காடா பதினெட்டு வருஷம்? மூணு வருஷம் உன் பின்னாடியே ஓட்டியிருக்கேன், பிரேக்கு எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? ஆறு மைல் நல்லாத்தானே போனேன். லோரி வந்ததும் கால் அதும்பாட்டுக்குப் போயிடுச்சு. நீ சொல்லியிருந்தாலும் அன்னைக்கு நான் கேட்டிருக்க மாட்டேன்லா. ஜெயிச்சவன் எவன் கேப்பான்?"

வீரசிங்கத்தின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. காப்பியை எடுத்துக் குடிக்கக்கூட ஆரம்பித்தேன்.

"ஆனா ஒண்ணுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல" என்றார் நாச்சியப்பன். "நான் அன்னைக்கு நாப்பது மைல்லதான் போனேன். உன் மீட்டர்ல முள்ளு ஆடிக்கிட்டே இருக்கும், எனக்கு அது வேடிக்கையா இருந்துச்சு, அதைத்தான் பாத்துக்கிட்டே போனேன். நாப்பதுக்கு மேல போகவே இல்ல. இதை நான் அப்பச்சிகிட்ட நூறு தடவை சொல்லியிருப்பேன்." அவர்கள் வீட்டில் தகப்பனாரை அப்பச்சி என்றுதான் அழைப்பார்கள். "அப்பச்சி நம்பவே இல்ல. 'பொய் சொல்லாதடா, கூட வந்த கூட்டாளியே வேகமா போனான்னு சொல்லிட்டான்'னுதான் சொல்லுவாக. நான் அதை நம்பல. நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்ட. போலீஸ்காரன் எதையோ எழுதிட்டான், அதை வச்சுப் பேசுறாகன்னுதான் நெனச்சுக்கிட்டேன். நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா சரியாப் போயிரும்னுதான் அய்யாவுகிட்ட உன்னை வரச் சொல்லிச் சொல்லி அனுப்பினேன்."

வீரசிங்கம் நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். எப்போதோ எங்கோ வைத்துவிட்டு மறந்த ஒன்றை எதிராளி கையில் பார்த்த முகம் அது.

"நான்தான் சொன்னேன்" என்றார்.

"என்னது?"

"உங்கப்பா கேட்டாரு. வேகமா போனான், நான் சொல்லிப் பாத்தேன்னு நான்தான் சொன்னேன். போலீஸ்கிட்டயும் நான்தான் சொன்னேன்."

நாச்சியப்பன் மெதுவாக இராசேஸ்வரி அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்களும் பின்னாடிதானே உக்காந்து வந்தீங்க?"

"நாப்பதுதான் இருக்கும்" என்றார் அக்கா. "நாங்க சாவகாசமாத்தான் வந்தோம். அவர் சொன்னப்ப நானும் பக்கத்துல நின்னேன். வாயைத் திறக்கல." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நாச்சியப்பன் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். குரல் உயரவில்லை.

"எழுந்திருங்க. உள்ள வாங்க. ஆத்தாகிட்டயும் மாணிக்கத்துகிட்டயும் இதைச் சொல்லுங்க. என் வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டாக."

மீண்டும் 'நீங்க' வந்துவிட்டது.

உள்ளே கூடத்தில் அவருடைய தாயார் நாச்சாள் ஆச்சி பாயில் உட்கார்ந்திருந்தார். கடையிலிருந்து மாணிக்கத்தைக் கூப்பிட்டார்கள். சுவரில் மாலை போட்ட படம். வீரசிங்கம் நின்றுகொண்டே சொன்னார். வேகமாகப் போகவில்லை, நாற்பது மைல்தான், நான் பயந்துபோய்ப் பொய் சொன்னேன் என்று மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தார். ஆச்சிக்குக் காது கொஞ்சம் மந்தம். உமையாள் குனிந்து திருப்பிச் சொன்னார்.

மாணிக்கம், "அண்ணே..." என்று தன் அண்ணனைப் பார்த்து ஆரம்பித்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டார். தகப்பனார் சொன்னதை அவரும் எத்தனை பேரிடம் திருப்பிச் சொல்லியிருப்பாரோ.

ஆச்சி வீரசிங்கத்தை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இல்லை.

"அவுக போயி மூணு வாரம் ஆவுதே" என்றார். "இப்பச் சொல்லி யாருக்குப்பா?"

வாசல் வரை நாச்சியப்பன் வந்தார். "வராதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். இன்னைக்குப் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, எங்கள் கார் கிளம்புவதற்கு முன்பே உள்ளே திரும்பிவிட்டார்.

வழியில் பாதி தூரம் வந்த பிறகு வீரசிங்கம் பேசினார்.

"தம்பி, சத்தியமா அந்த வார்த்தையை நான் மறந்தே போயிட்டேன். அது ஒரு பேச்சுன்னே எனக்குத் தோணல. பிரேக்கு, பிரேக்குன்னு அதையே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

பின்சீட்டிலிருந்து அக்கா சொன்னார்: "நான் மறக்கல. நீங்க ஒரு நாள் பேச்செடுப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அடுத்த வருஷம் அந்தப் பெரியவரின் திதிக்கு வீரசிங்கம் போனார். அழைப்பு இல்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்தார். அதற்கடுத்த வருஷமும் போனார். அதற்குள் மாணிக்கம் கடைப் பலகையில் அண்ணன் பெயரைச் சேர்த்து எழுதியிருந்தார். பெரிய மேசையில் வந்து உட்காரும்படி கேட்டிருக்கிறார். "இந்த வயசுல எனக்கு அதைப் பழக முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டு நாச்சியப்பன் ஆணிப் பக்கத்திலேயே இருந்துவிட்டார். தகப்பனார் இருக்கும்போது கொடுத்திருந்தால் அது கடை. இப்போது அது ஒரு பலகை, அவ்வளவுதான்.

95இல் பழைய வண்டிக்காரர்கள் சேர்ந்து பத்து தீகாவில் ஒரு கூட்டம் நடத்தினார்கள். முப்பது நாற்பது வண்டிகள் வரிசையாகத் தடத்தைச் சுற்றி வரவேண்டும். அதற்காக வீரசிங்கம் நார்ட்டனைப் பந்தயத்தை நிறுத்திய பிறகு முதல் தடவையாக மேற்கே ஓட்டிக்கொண்டு போனார். அழைப்பிதழ் ஒன்றை நாச்சியப்பனுக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். நான் கூட்டத்தில் நின்றேன். ஒவ்வொரு சுற்றிலும் அவர் தலையைத் திருப்பி வேலிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே போனார். மூன்று சுற்றும் அப்படித்தான். நாச்சியப்பன் வரவில்லை.

அந்த வருஷத் திதிக்கு நானும் உடன் போயிருந்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் நாச்சியப்பன் தாமாகவே வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரெண்டாவது வளைவுல ஒரு பள்ளம் இருக்குமே. இன்னும் இருக்கா?"

"அடைச்சுட்டாங்க" என்றார் வீரசிங்கம். "புதுத் தார் போட்டிருக்காங்க. வழுவழுன்னு இருக்கு."

"அன்னைக்கு வரத்தான் கிளம்பினேன். சட்டையெல்லாம் மாத்திட்டேன். வெஸ்பாவைக்கூட எடுத்துட்டேன். பிறகு வேணாம்னு தோணிருச்சு. அங்க வந்தா அப்பச்சி ஞாபகம் வரும். அவுக ஒரு தடவைகூட அங்க வந்து நான் ஓட்டினதைப் பாத்ததில்ல."

வீரசிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, நாச்சியப்பன் எழுந்துகொண்டார். "இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க" என்று எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உமையாள் இலை போட்டார். வீரசிங்கம் இலையில் விழுந்ததை எல்லாம் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கைகழுவிவிட்டு வந்து, நாச்சியப்பன் திரும்பி வருவாரா என்று கூடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஆட்கள் அதிகம். அவருக்கு வேலை இருந்திருக்கும். பிறகு நாங்கள் உமையாளிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினோம்.